பழைய மாணவர் படிவத்தில் இல்லாத கட்டம்

கல்லூரிகளின் பழைய மாணவர் சங்கங்கள் சுறுசுறுப்பாக இயங்கும் காலம் இது. முன்பெல்லாம் வெள்ளி விழா, பொன்விழா, நூற்றாண்டு விழா என்று வந்தால்தான் பழைய மாணவர்களின் நினைவு கல்லூரிக்கு வரும். இன்று ஆண்டுதோறும் ஒன்றுகூடல் நடக்கிறது. ஒவ்வொரு பேட்சுக்கும் ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. தர மதிப்பீட்டுக் குழு கல்லூரிக்கு வரப்போகிறது என்றால், "உங்கள் மாணவர்கள் இப்போது எங்கே, என்ன பதவியில்?" என்ற பட்டியலை அவசரமாகத் திரட்டுகிறார்கள். நம் வீடுகளுக்கும் அவ்வப்போது அப்படி ஒரு படிவம் வந்து சேர்கிறது.

அந்தப் படிவங்களை நான் கூர்ந்து பார்த்திருக்கிறேன். எந்தக் கல்லூரியானாலும் கட்டங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். பெயர், படித்த ஆண்டு, பாடம், இப்போதைய பதவி, இப்போதைய ஊர். சிலவற்றில் "பெற்ற விருதுகள்" என்று இன்னொரு கட்டம். அவ்வளவுதான். பட்டம் வாங்கிய நாளுக்கும் படிவம் நிரப்பும் நாளுக்கும் இடையே இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகள் ஓடியிருக்கும். அந்த ஆண்டுகளுக்கு ஒரு கட்டமும் இல்லை.

இது சிறிய விஷயம் என்று பலர் நினைக்கலாம். சிறிய விஷயம் அன்று என்பதே என் கருத்து. பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்து, அனந்தபுரியில் தமிழ் பேசி வாழும் நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு இது மிகவும் முக்கியமானது.

காரணம் இதுதான். நம்மில் பெரும்பாலோர் இந்த நகரத்தில் இருப்பதற்கே ஒரு பட்டம்தான் காரணம். சாலைக் கடைத்தெருவில் தலைமுறை தலைமுறையாக வாணிகம் செய்யும் குடும்பங்களும், கோட்டைக்குள் கோயிலைச் சார்ந்து வாழ்ந்த குடும்பங்களும் நீங்கலாக, மற்றவர்கள் ஒரு சான்றிதழைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர்கள். அக்கவுண்டன்ட் ஜெனரல் அலுவலகத்துக்கு, வங்கிக்கு, ரயில்வேக்கு, 1963-க்குப் பின் தும்பாவுக்கு என்று வந்தார்கள். அல்லது நாஞ்சில் நாட்டிலிருந்தும் செங்கோட்டையிலிருந்தும் இங்குள்ள கல்லூரிகளில் படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டார்கள். அப்படியானால் நம் சமூகத்தின் வரலாறு என்பது பெரும்பாலும் பழைய மாணவர்களின் வரலாறுதான். பதவியும் ஊரும் மட்டும் எழுதிவைத்தால் அந்த வரலாற்றில் என்ன மிஞ்சும்?

வெறும் கேள்வியாக விட்டுவிடாமல், நமக்குத் தெரிந்த சிலரை அந்தப் படிவத்தில் இருத்திப் பார்ப்போம்.

முதலில், இந்த நகரத்துத் தமிழர் அனைவரும் பெருமையோடு சொல்லும் பெயர்: பெ. சுந்தரம் பிள்ளை. 1855-இல் ஆலப்புழையில் பிறந்தவர். திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில், அதாவது பின்னாளில் யுனிவர்சிட்டி காலேஜ் ஆன அதே கல்லூரியில், படித்து 1876-இல் பி.ஏ. தேறினார். 1880-களின் நடுவில் கல்லூரி அவருக்கு ஒரு படிவம் அனுப்பியிருந்தால் என்ன எழுதியிருப்பார்? "அரண்மனை வருவாய்த் துறையில் பிறவகைச் சிரஸ்தார்" என்று எழுதியிருப்பார். அன்றைய திருவிதாங்கூரில் அது மதிப்பும் அதிகாரமும் உள்ள உத்தியோகம். ஒன்றுகூடலில் முன்வரிசையில் நாற்காலி கிடைத்திருக்கும்.

ஆனால் அதற்கு முன்னும் பின்னும் நடந்தவைதான் முக்கியமானவை. அதற்கு முன் அவர் திருநெல்வேலிக்குப் போய், இன்றைய ம.தி.தா. இந்துக் கல்லூரியின் முன்னோடியான நிறுவனத்தில் ஆசிரியராக இருந்தார். கோடகநல்லூர் சுந்தர சுவாமிகளிடம் வேதாந்தம் கேட்டார். பின்பு அரண்மனை உத்தியோகத்தை விட்டுவிட்டு மறுபடியும் தத்துவம் கற்பிக்கக் கல்லூரிக்கே திரும்பினார். தமக்குத் தத்துவம் கற்பித்த ஹார்வி துரையின் இடத்துக்கு வந்தார். 1891-இல் 'மனோன்மணீயம்' நாடகத்தை வெளியிட்டு அந்த ஆசிரியருக்கே காணிக்கையாக்கினார். பேரூர்க்கடையில் கட்டிய தம் இல்லத்துக்கும் ஹார்வியின் பெயரையே வைத்தார். இடையே கல்வெட்டுகளைப் படித்துத் திருவிதாங்கூரின் பண்டை அரசர்களைப் பற்றியும், திருஞானசம்பந்தர் காலத்தைப் பற்றியும் ஆராய்ந்து எழுதினார். 1897-இல், 42 வயதில், மறைந்துவிட்டார்.

1970-இல் தமிழக அரசு தமிழ்த்தாய் வாழ்த்தாக ஏற்றதும், 2021-இல் மாநிலப் பாடலாக அறிவித்ததும் அந்த நாடகத்தின் பாயிரத்தில் உள்ள பகுதியைத்தான். 1990-இல் திருநெல்வேலியில் தொடங்கிய பல்கலைக்கழகத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். இத்தனைக்கும் மூலகாரணம் எது? வருவாய்த் துறையிலிருந்து அவர் வகுப்பறைக்குத் திரும்பிய அந்தத் திருப்பம் என்பேன். படிவத்தில் அந்தத் திருப்பத்துக்குக் கட்டம் கிடையாது. மேலும் ஒன்று. அவர் மகன் பி. எஸ். நடராஜ பிள்ளை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் நிதி அமைச்சராக இருந்தவர். 1962-இல் இந்த நகரத்திலிருந்து நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். பேரூர்க்கடையில் அவர் பெயரால் அரசுப் பள்ளி இருக்கிறது. அந்த வழியாகப் பஸ்ஸில் தினமும் போகும் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு, தமிழ்த்தாய் வாழ்த்தை எழுதியவரின் மகன் பெயர்தான் அது என்று தெரியும்?

அடுத்து, 1940-களின் தொடக்கத்துக்கு வருவோம். அதே கல்லூரி, 1937-இல் நிறுவிய திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தின் ஆரம்ப ஆண்டுகள். அப்போது அங்கே படித்த மாணவர்களில் இருவரை உலகமே அறியும்.

ஒருவர் கே. ஆர். நாராயணன். உழவூர் என்ற சிற்றூரில் ஏழைத் தலித் குடும்பத்தில் பிறந்து, பள்ளிக்கு மைல் கணக்கில் நடந்து சென்று படித்தவர். ஆங்கில இலக்கியத்தில் பல்கலைக்கழகத்திலேயே முதல் மாணவராகத் தேறினார். அவ்வளவு தகுதி இருந்தும் விரும்பிய விரிவுரையாளர் வேலை அவருக்கு இங்கே கிடைக்கவில்லை. ஊரை விட்டுப் போனார். 1944, 1945-இல் பத்திரிகை நிருபர். "பதவி: நிருபர்" என்று அப்போது எழுதியிருந்தால் முதல் மாணவருக்கு இவ்வளவுதானா என்று உச்சுக்கொட்டியிருப்பார்கள். பின்பு டாட்டா உதவித்தொகையில் லண்டன் படிப்பு, 1949-இல் வெளியுறவுப் பணி, 1997-இல் குடியரசுத் தலைவர். இன்று எல்லாரும் கடைசி வரியை மட்டும் பெருமையாகச் சொல்கிறார்கள். வேலை மறுக்கப்பட்ட வரியையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்தப் பெருமை முழுமையாகும். அவரைப் போன்ற நிலையில் இன்று நிற்கும் மாணவனுக்கும் அது பயன்படும்.

மற்றொருவர் எம். எஸ். சுவாமிநாதன். குட்டநாட்டு மங்கொம்பைப் பூர்வீகமாகக் கொண்ட தமிழ்க் குடும்பம். பிறந்தது 1925-இல் கும்பகோணத்தில். தந்தையார் மருத்துவர், மகனுக்குப் பதினோரு வயதிலேயே மறைந்துவிட்டார். பிள்ளையும் மருத்துவராக வேண்டும் என்பது வீட்டாரின் விருப்பம். திருவனந்தபுரத்தில் விலங்கியல் படித்தார். 1943-இல் வங்கத்தில் பஞ்சம் வந்து இலட்சக்கணக்கான மக்கள் மாண்டார்கள். அந்தச் செய்தி அவரை உலுக்கியது. மருத்துவத்தை விட்டுக் கோயம்புத்தூர் வேளாண்மைக் கல்லூரிக்குப் போய், இன்னொரு பட்டப் படிப்பை முதலிலிருந்து தொடங்கினார். ஒரு பட்டம் கையில் இருக்க இன்னொரு பட்டத்துக்கு மறுபடியும் முதல் வகுப்பில் உட்காருவதை அன்றைய உறவினர்கள் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று நாமே ஊகிக்கலாம்.

அதோடு முடியவில்லை. அவர் மத்திய அரசுப் பணித் தேர்வு எழுதி இந்தியக் காவல் பணிக்குத் தேர்வானார். எந்தத் தமிழ்க் குடும்பத்திலும் தேங்காய் உடைத்துக் கொண்டாடும் செய்தி! அதை விட்டுவிட்டு, 1949-இல் உருளைக்கிழங்கின் மரபியலை ஆராய நெதர்லாந்துக்குக் கப்பல் ஏறினார். கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம், பின் அமெரிக்காவில் ஆராய்ச்சி, 1954-இல் தாயகம். பசுமைப் புரட்சி பின்னால் வந்த கதை. அதன் நன்மை தீமைகளைப் பற்றி வாதங்கள் உண்டு; அது வேறு கட்டுரை. 2023-இல் அவர் மறைந்தபோதும், 2024-இல் பாரத ரத்னா அறிவிக்கப்பட்டபோதும் விருதுகளின் பட்டியலைத்தான் நாம் படித்தோம். ஒரு போலீஸ் அதிகாரி பதவியை வேண்டாம் என்று சொன்ன இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது இளைஞனைப் பற்றி எத்தனை வீடுகளில் பேசினோம்?

இவர்களெல்லாம் பெரியவர்கள், நமக்கென்ன என்று சிலர் கேட்கலாம். நம் நடுவே, நம் தெருக்களில் நடந்தவர்களையே பார்ப்போமே.

நீல. பத்மநாபன் கேரளப் பல்கலைக்கழகத்துப் பட்டதாரி. இங்குள்ள பொறியியல் கல்லூரியில் படித்த மின் பொறியாளர். கேரள மாநில மின்வாரியத்தில் பணியாற்றி 1993-இல் ஓய்வு பெற்றார். கல்லூரிப் படிவத்தில் அவருடைய கட்டம் மின்வாரியப் பதவியோடு முடிந்துவிடும். அந்தப் பதவியில் இருந்துகொண்டே 'தலைமுறைகள்' எழுதினார். இரணியல் செட்டிமார் வீட்டுப் பேச்சும் சடங்கும் அந்த நாவலால் தமிழுக்கு நிலைத்தன. 1970-இல் வந்த 'பள்ளிகொண்டபுரம்' இந்த நகரத்தையும் பத்மநாப சுவாமி கோயிலைச் சுற்றிய தெருக்களையும் தமிழ் வாசகர் கண்முன் கொண்டுவந்தது. தம் அலுவலக உலகத்தையே 'மின் உலகம்' ஆக்கினார். 2007-இல் 'இலையுதிர் காலம்' நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. பகலில் மின்சாரம், இரவில் எழுத்து என்று முப்பது ஆண்டுகள் எப்படி ஓட்டினார்? எழுத ஆசைப்படும் ஓர் இளம் பொறியாளருக்கு அதுதானே தெரிய வேண்டும்?

நகுலன் என்ற டி. கே. துரைசாமியை நம்மில் மூத்தவர்கள் பலர் கௌடியார் பக்கம் பார்த்திருப்பார்கள். கும்பகோணத்தில் 1921-இல் பிறந்து, சிறுவயதில் குடும்பத்தோடு இங்கே வந்தவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழில் எம்.ஏ.; ஆங்கிலத்திலும் எம்.ஏ. மார் இவானியோஸ் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றார். திருமணம் செய்துகொள்ளவில்லை. பதவி உயர்வு, மாற்றம், வெளிநாடு என்று படிவத்தில் எழுத அவரிடம் ஒன்றும் இல்லை. 'நினைவுப் பாதை' போன்ற நாவல்களும் கவிதைகளும் மட்டும் இருந்தன. 2007-இல் அவர் மறைந்தபோது துக்கம் அனுசரித்தவர்கள் தமிழகத்தின் இளம் எழுத்தாளர்கள். அவரைத் தேடி இந்த ஊருக்கு ரயில் ஏறி வந்தவர்கள் அவர்கள்தான். "செட்டில் ஆகிவிட்டாரா?" என்று நாம் கேட்கும் கேள்வியை அவரிடம் கேட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்கும்?

இந்த வரிசையில் ஆ. மாதவனையும் சொல்லாமல் இருக்க முடியாது. அவர் கல்லூரிப் படி ஏறியவர் அல்லர். பள்ளிப் படிப்பும் மலையாளத்தில். சாலைக் கடைத்தெருவில் பாத்திரக் கடை வைத்துக்கொண்டு அந்தத் தெருவின் மனிதர்களைக் கதைகளாக்கினார். 2015-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்றார். 2021-இல் மறைந்தார். எந்தக் கல்லூரியின் பழைய மாணவர் பட்டியலிலும் அவர் இல்லை. பட்டியல்களை நம்பி ஒரு சமூகம் தன் வரலாற்றை எழுதினால் யாரெல்லாம் விடுபட்டுப் போவார்கள் என்பதற்கு அவர் ஒருவரே போதிய சான்று.

விடுபட்டவர்கள் என்றதும் இன்னொரு பெரிய கூட்டம் நினைவுக்கு வருகிறது. 1956 நவம்பர் 1-ஆம் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. செங்கோட்டையின் பெரும்பகுதி திருநெல்வேலியோடு சேர்ந்தது. அந்த இணைப்புக்குப் போராடிய தலைவர் மார்ஷல் நேசமணியே திருவனந்தபுரத்தில் சட்டம் படித்தவர்தான். இணைப்பு நியாயமானது, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அதுவரை தலைநகரமாக இருந்த இந்த ஊருக்குப் படிக்க வந்த நாகர்கோவில் பிள்ளைகள் ஒரே நாளில் வேறு மாநிலத்தவர் ஆனார்கள். நாளடைவில் அவர்கள் நாகர்கோவிலிலும் பாளையங்கோட்டையிலும் மதுரையிலும் படிக்கப் போனார்கள். அவர்களுடைய மூத்த தலைமுறை இங்கே படித்த கதை இரண்டு பக்கத்துப் பட்டியலிலும் சேராமல் நடுவிலேயே நின்றுவிட்டது. இந்தப் பக்கத்தார் "அவர்கள் தமிழ்நாட்டுக்காரர்கள்" என்றார்கள். அந்தப் பக்கத்தார் "அவர்கள் கேரளத்தில் படித்தவர்கள்" என்றார்கள். அந்தத் தலைமுறையினர் இன்று இருந்தால் தொண்ணூறு வயதுக்கு அருகில் இருப்பார்கள். அவர்களைக் கேட்டு எழுதுவதற்கு நமக்கு மீதம் உள்ள காலம் மிகக் குறைவு.

இனிப் பெண்களின் விஷயம். மேரி புன்னன் லூக்கோஸ் இதே மகாராஜா கல்லூரியில் படித்தவர். பெண் என்ற காரணத்தால் விஞ்ஞானப் பாடத்தில் இடம் கிடைக்காமல் வரலாறு எடுத்து 1909-இல் பட்டம் பெற்றார். பிறகு லண்டன் சென்று மருத்துவம் படித்துத் திருவிதாங்கூரின் மருத்துவத் துறைக்கே தலைவரானார். "பி.ஏ. வரலாறு, இப்போது மருத்துவர்" என்று படிவத்தில் பார்ப்பவருக்கு ஏதோ அச்சுப் பிழை என்றுதான் தோன்றும். இங்கே சட்டம் படித்த அன்னா சாண்டி 1959-இல் இந்தியாவின் முதல் பெண் உயர்நீதிமன்ற நீதிபதி ஆனார். இவர்கள் கதை எப்படியோ பதிவாகிவிட்டது.

நம் வீட்டுப் பெண்களின் கதை? கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை இந்த ஊர் மகளிர் கல்லூரியில் தமிழ் கற்பித்து 1931-இல் ஓய்வு பெற்றார் என்பதை மேடைதோறும் சொல்கிறோம். கவிமணியிடம் நேரில் தமிழ் கேட்ட அந்த மாணவிகள் யார், பிறகு என்ன ஆனார்கள் என்று நம்மில் யாருக்காவது சொல்லத் தெரியுமா? திருமணத்தோடு பெயரின் பின்பாதி மாறிவிடுகிறது. கணவருக்கு மாற்றலான ஊரெல்லாம் அவருடைய ஊராகிவிடுகிறது. பதவி என்ற கட்டத்தில் "இல்லத்தரசி" என்ற ஒரு சொல். இயற்பியலில் முதல் வகுப்பில் தேறி, முப்பது ஆண்டுகளாகத் தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் இலவசமாகக் கணக்குச் சொல்லிக்கொடுத்த அம்மாக்கள் நம் குடியிருப்புகளில் இல்லையா? மலையாளம் ஓரெழுத்தும் தெரியாமல் வந்து, பிள்ளைகளின் பாடப் புத்தகத்தை வைத்துத் தாமும் படித்து, பின்பு அந்த மொழியிலேயே தேர்வெழுதி வேலைக்குப் போனவர்கள் இல்லையா? அவர்கள் எந்த மலரிலும் இல்லை.

இதனால் விளையும் தீங்கை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரியின் ஒன்றுகூடலுக்குப் போயிருந்தேன். கல்லூரியின் பெயர் இங்கே வேண்டாம். ஒவ்வொருவராக மேடைக்கு வந்து பெயர், பதவி, பிள்ளைகள் இருக்கும் நாடு ஆகியவற்றைச் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. தலைமைப் பொறியாளர், மண்டல மேலாளர், டெக்ஸாஸ், துபாய், சிங்கப்பூர் என்று வரிசை போய்க்கொண்டிருந்தது. என் பக்கத்தில் இருந்தவர் தம் முறை வருவதற்குச் சற்றுமுன் தேநீர் குடிக்க எழுந்து போனார். திரும்பி வரவே இல்லை. வகுப்பில் எங்களுக்கெல்லாம் சந்தேகம் தீர்த்துவைத்தவர் அவர். தந்தை படுக்கையில் விழுந்ததால் மேற்படிப்பை விட்டு, மூன்று தங்கைகளைக் கரையேற்றி, ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். அன்று மேடையில் பேசிய எல்லாருடைய கதையையும்விட அவருடைய கதை பெரியது. அதைச் சொல்ல அங்கே இடம் இல்லை. அடுத்த ஆண்டு அவர் வரவில்லை.

இதைத்தான் நான் நஷ்டம் என்கிறேன். பதவியை மட்டும் கேட்கும் சபையில், பதவி இல்லாதவர்கள் மெல்ல மெல்ல வராமல் போவார்கள். கடைசியில் வென்றவர்கள் வென்றவர்களைப் பார்த்துக் கைதட்டும் கூட்டமாக அது ஆகிவிடும். அதைப் பார்த்து வளரும் பிள்ளை என்ன நினைக்கும்? பட்டம் வாங்கினால் நேராக ஒரு படிக்கட்டு, அதில் ஏறிக்கொண்டே போகலாம் என்று நினைக்கும். இருபத்தைந்து வயதில் ஒரு தேர்வில் தவறினாலோ, ஒரு வேலை போனாலோ, தன் ஒருவனுக்கு மட்டும் இப்படி நேர்ந்துவிட்டதாக எண்ணி அறைக் கதவைச் சாத்திக்கொள்ளும். முதல் மாணவருக்கே வேலை மறுத்த ஊர் இது, அவர் என்ன ஆனார் தெரியுமா என்று அந்தப் பிள்ளைக்குச் சொல்ல ஆள் வேண்டாமா?

இதற்கு மறுப்பும் உண்டு. "சொந்தக் கஷ்டத்தை ஊரறிய எழுதச் சொல்கிறீர்களா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். யாரையும் வற்புறுத்தக் கூடாது. சொல்ல விரும்பாததைச் சொல்ல வேண்டியதில்லை. குடும்பத்தில் மற்றவர் மனம் நோகும் செய்திகளை விட்டுவிடலாம். ஆனால் சொல்ல விரும்புகிறவருக்கும் இன்று இடம் இல்லையே, அதுதான் என் குறை. இன்னொரு நண்பர், "பெரிய பதவியில் இருப்பவர் பெயரைப் போட்டால்தானே கல்லூரிக்கு நன்கொடை வரும்?" என்றார். கல்லூரிக்கு அது தேவையாக இருக்கலாம். அதை நான் பழிக்கவில்லை. தமிழ்ச் சங்கத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆகவே கல்லூரிகள் செய்யாததை நாம் செய்யலாம்.

எப்படிச் செய்வது? என் யோசனை எளியது. நம் இதழில் இதழுக்கு இரண்டு பக்கம் ஒதுக்குவோம். இந்த நகரத்துக் கல்லூரிகளில் படித்த தமிழரானாலும், தமிழகத்தில் படித்து இங்கே பிழைக்க வந்தவரானாலும், ஒருவர் தம் பட்டத்துக்குப் பின் வந்த வழியை எழுதட்டும். ஐந்து கேள்விகள் போதும்.

1. படித்த நாளில் என்ன ஆக நினைத்தீர்கள்?

2. வழி மாறியது எங்கே? மாற்றியது எது?

3. மிகவும் கடினமாக இருந்த ஆண்டுகள் எவை? அப்போது துணை நின்றவர் யார்?

4. இந்த ஊர் உங்களுக்கு என்ன தந்தது? நீங்கள் இந்த ஊருக்கு என்ன தந்தீர்கள்?

5. வீட்டில் தமிழ் எப்படி இருக்கிறது?

கடைசிக் கேள்வி தேவையில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். நம் பேரப் பிள்ளைகள் தமிழ் பேசுகிறார்கள். படிக்கத் தெரிந்தவர் குறைவு. பள்ளியில் மலையாளம், இந்தி, ஆங்கிலம் என்று ஆனபிறகு தமிழ் எழுத்து வீட்டுக்குள் வர வழியில்லை. ஆகவே எழுதும் வேலையைப் பிள்ளைகளிடமே கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். தாத்தாவோ பாட்டியோ சொல்ல, பேரனோ பேத்தியோ தமிழில் எழுதட்டும். பிழை இருந்தால் இருக்கட்டும். திருத்திக்கொடுக்க நம் சங்கத்தில் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். "தாத்தா, நீங்கள் ஏன் அந்த வேலையை விட்டீர்கள்?" என்று ஒரு பிள்ளை முதன்முறையாகக் கேட்கும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் மாலைப்பொழுதில் நடக்கும் தமிழ் வகுப்பை எந்தப் பள்ளியாலும் நடத்த முடியாது.

எழுத்தோடு ஆவணங்களையும் சேர்க்கலாம். நம் பரண்களில் பழைய கல்லூரி மலர்கள், குழுப் புகைப்படங்கள், விடுதிக் கட்டண ரசீதுகள், வேலை நியமன உத்தரவுகள் கிடக்கின்றன. வீட்டைக் காலி செய்யும்போது பழைய பேப்பர்காரரிடம் முதலில் போவது அவைதாம். போடுமுன் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். புகைப்படத்தின் பின்னால் நிற்பவர்களின் பெயரை எழுதிவையுங்கள். நம் வீட்டுப் பெரியவரைத் தவிர வேறு யாருக்கும் அந்தப் பெயர்கள் தெரியாது.

தமிழ் ஆராய்ச்சிக்கும் இது உதவும். வடசேரியில் பிறந்த பேராசிரியர் வ. ஐ. சுப்பிரமணியம் கேரளப் பல்கலைக்கழகத் தமிழ்த் துறைக்குத் தலைமை ஏற்று, 1963-இல் இங்கே மொழியியல் துறையைத் தொடங்கி, 1981-இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராகச் சென்றார். அவரிடம் பயின்றவர்கள் இந்தியாவின் பல பல்கலைக்கழகங்களில் பரவினார்கள். ச. அகத்தியலிங்கம் போன்றோர் துணைவேந்தர் ஆனதை அறிவோம். ஆனால் அந்த வகுப்புகளில் உட்கார்ந்து, பின்பு பள்ளி ஆசிரியராகவோ குமாஸ்தாவாகவோ போனவர்களிடம்தான் அந்த வகுப்பறையின் உண்மையான நினைவுகள் இருக்கும். அவற்றை இதுவரை எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள்?

சங்க நிர்வாகிகளுக்கும் இதழாசிரியர் குழுவுக்கும் என் வேண்டுகோள் இது. வரும் இதழிலேயே இந்தப் பக்கத்தைத் தொடங்குங்கள். முதலில் எண்பது வயது கடந்தவர்களிடம் போங்கள். அவர்களிலும் முதலில் பெண்களிடம் போங்கள். பதவியைக் கடைசி வரியில் போட்டால் போதும், போடாவிட்டாலும் குறைவில்லை. உறுப்பினர்களுக்கு ஒரு வார்த்தை: "என்னிடம் எழுத என்ன இருக்கிறது?" என்று நினைக்காதீர்கள். ஊர் விட்டு ஊர் வந்து, வேற்று மொழியில் விண்ணப்பம் எழுதி, வாடகை வீடு தேடி, பிள்ளைகளைப் படிக்கவைத்த ஒவ்வொருவரிடமும் இரண்டு பக்கத்துக்கு மேலேயே இருக்கிறது. கையால் எழுதி அனுப்பினாலும் சரி. எழுத முடியாதவர்கள் ஓர் அஞ்சலட்டை போட்டால் நம் இளைஞர்கள் வீட்டுக்கே வந்து கேட்டு எழுதிக்கொள்ளும்படி ஏற்பாடு செய்யலாம். அந்த இளைஞர் குழுவை ஒருங்கிணைக்கும் பொறுப்பை ஏற்க நான் தயாராக இருக்கிறேன்.